அந்தரத்தில் நிற்பது ஏன் கடினம்? – பெரிய ஹெலிகாப்டர்களின் கதை

விமானம் என்றாலே வேகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஹெலிகாப்டரின் பெருமை வேகத்தில் இல்லை. வேகமே இல்லாமல் ஓரிடத்தில் நிற்பதில்தான் இருக்கிறது. வெள்ளத்துக்கு நடுவே ஒரு மொட்டைமாடி, இறங்க இடமில்லாத மலைச்சரிவு, மூழ்கிக்கொண்டிருக்கும் படகு... இவற்றுக்கு மேலே அது அசையாமல் நின்றால்தான் கீழே தவிப்பவருக்குக் கயிறு வந்து சேரும்.

வேடிக்கை என்னவென்றால், ஹெலிகாப்டர் செய்யும் வேலைகளிலேயே மிகக் கடினமானவற்றில் ஒன்று இப்படி நிற்பதுதான்! மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் சாதுவாகப் போகும் எந்திரம், வேகம் 40 கி.மீ.க்குக் கீழே வந்ததும் முரண்டு பிடிக்கத் தொடங்கும். எந்திரம் பெரிதாகப் பெரிதாக அந்த முரண்டும் பெரிதாகும். இது ஏன், மனிதன் இதை எப்படிச் சமாளித்தான், அதற்கு என்ன விலை கொடுத்தான் என்பதுதான் இந்தக் கட்டுரை.

காற்றாலையும் ஹெலிகாப்டரும்

சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் போனவர்களுக்குக் காற்றாலைகள் புதிதல்ல. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று அவற்றின் இறக்கைகளைச் சுற்றுகிறது. அங்கே காற்று இறக்கைக்குச் சக்தி கொடுக்கிறது. ஹெலிகாப்டரில் இது தலைகீழ். எஞ்சின் இறக்கையைச் சுற்ற, இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. தள்ளப்பட்ட காற்றின் எதிர்வினைதான் எந்திரத்தை மேலே தூக்குகிறது. இரண்டுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே. 19-ஆம் நூற்றாண்டில் ராங்கின், ஃபிரவுட் என்ற இருவர் கப்பலின் உந்துவிசிறிக்காகப் போட்ட கணக்கு அது.

அந்தக் கணக்கு சொல்லும் முக்கியமான செய்தி இது: ஹெலிகாப்டர் முன்னோக்கிப் போகும்போது ஒவ்வொரு நொடியும் புதிய காற்று அதன் ரோட்டாருக்குள் (மேலே சுற்றும் பெரிய விசிறி) வருகிறது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினாலே போதும். ஒரே இடத்தில் நிற்கும்போது அப்படி இல்லை. ஏற்கெனவே கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் காற்றையே மறுபடி மறுபடி தள்ள வேண்டும். அதனால் நடுத்தர வேகத்தில் பறப்பதைவிட, சும்மா நிற்பதற்கு அதிக எஞ்சின் சக்தி செலவாகிறது.

தரைக்கு அருகில் ஒரு சலுகை உண்டு. கீழே தள்ளிய காற்று தரையில் முட்டித் தடைபடுவதால் ஒரு மெத்தை போல எந்திரத்தைத் தாங்கும். ரோட்டாரின் விட்டத்தைவிட உயரே போனால் இந்தச் சலுகை ஏறக்குறைய மறைந்துவிடும். மலை விளிம்பில் இருக்கும் ஹெலிபேடிலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டர், விளிம்பைத் தாண்டிய நொடியில் காலடியில் இருந்த மெத்தையை இழக்கிறது. அந்த நொடிக்குத் தேவையான சக்தி எஞ்சினில் மிச்சம் இருக்க வேண்டும். இந்த மிச்சத்தைக் 'கையிருப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். இனி வரும் கதை முழுவதும் இந்தக் கையிருப்பைப் பற்றியதுதான்.

கையும் காலும் செய்யும் வேலை

விமானியின் இடக்கையில் ஒரு நெம்புகோல். அதை உயர்த்தினால் எல்லா இறக்கைகளின் சாய்வும் ஒன்றாகக் கூடி எந்திரம் மேலே எழும். வலக்கையில் ஒரு பிடி. அதைச் சாய்த்த பக்கம் ரோட்டார் சாய்ந்து எந்திரம் அந்தப் பக்கம் நகரும். காலில் இரண்டு மிதிகள். அவை வால் விசிறியைக் கட்டுப்படுத்தி மூக்கை இடமோ வலமோ திருப்பும்.

கேட்க எளிதுதான். சிக்கல் என்னவென்றால் இந்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நெம்புகோலை உயர்த்தினால் ரோட்டாரைச் சுற்ற அதிக முறுக்கு வேண்டும். அந்த முறுக்கு உடலை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். அதைத் தடுக்க மிதியை அழுத்த வேண்டும். அழுத்தினால் வால் விசிறி பக்கவாட்டில் தள்ளும். அதைச் சரிசெய்ய வலக்கைப் பிடியைச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் தூக்கும் விசை கொஞ்சம் குறையும். உடனே மறுபடி நெம்புகோல்! வேகமாகப் போகும்போது வால்பகுதியின் சிறகுகள் காற்றைப் பிடித்து எந்திரத்தை நேராக வைக்க உதவும். நிற்கும்போது அந்த உதவியும் இல்லை. ஓடும் சைக்கிள் தானாக நிமிர்ந்து ஓடும், நின்றால் சாயும். கிட்டத்தட்ட அதே நிலைமைதான்.

முதல் மீட்பு இந்தியாவிலிருந்து

இகோர் சிகோர்ஸ்கி தன் விஎஸ்-300 என்ற ஹெலிகாப்டரை 1939 செப்டம்பர் 14-இல் முதன்முதலாகத் தரையிலிருந்து எழுப்பினார். எந்திரம் கைமீறிப் போய்விடாமல் இருக்க, அதைக் கம்பிகளால் தரையோடு கட்டிவைத்திருந்தார்கள். கட்டில்லாமல் பறக்க 1940 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாலில் ஒரு விசிறி, பிறகு மூன்று விசிறி, மறுபடி ஒன்று என்று அவர் மாற்றி மாற்றிப் பார்த்ததெல்லாம் மெதுவான பறத்தலை வசப்படுத்தத்தான்.

அதிலிருந்து வந்த ஆர்-4 ரக ஹெலிகாப்டர் இரண்டாம் உலகப்போரில் இந்தியாவுக்கு வந்தது. 1944 ஏப்ரலில் அசாமின் லாலாகாட் தளத்தைச் சேர்ந்த அமெரிக்க விமானி கார்ட்டர் ஹார்மன், பர்மாக் காட்டுக்குள் விழுந்த ஒரு சிறு விமானத்தின் விமானியையும் காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் வீரர்களையும் ஒவ்வொருவராகத் தூக்கி வந்தார். போர்க்களத்தில் ஹெலிகாப்டர் நடத்திய முதல் மீட்பு என்று வரலாறு இதைத்தான் குறிக்கிறது. ஒவ்வொருவராக ஏன்? விமானியைத் தவிர இன்னும் ஒரே ஒருவரைத்தான் அந்த எந்திரத்தால் சுமக்க முடிந்தது. அந்த வெயிலில் எஞ்சின் வேறு சூடேறித் தொல்லை கொடுத்தது. கையிருப்பு கிட்டத்தட்ட பூஜ்யம்!

இதற்கு விடை பெரிய ஹெலிகாப்டர் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். அங்கேதான் புதிய சிக்கல்கள் காத்திருந்தன.

பெரிதாக்கினால் என்ன ஆகும்?

ரோட்டார் இறக்கையின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கக் கூடாது. அதனால் சிறிய ஹெலிகாப்டரோ பெரியதோ, நுனி வேகம் நொடிக்கு 200 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். விட்டம் பெரிதானால் ரோட்டார் மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டு பேர் உட்காரும் ராபின்சன் ஆர்-22 ஹெலிகாப்டரின் ரோட்டார் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் சுற்றுகிறது. ரஷ்யாவின் மாபெரும் எம்ஐ-26 ஹெலிகாப்டரின் 32 மீட்டர் ரோட்டார் 132 முறைதான் சுற்றுகிறது. ஆனால் அதைச் சுற்றுபவை தலா 11,400 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்கள். சக்தி அதிகம், சுற்று குறைவு என்றால் முறுக்கு பல நூறு மடங்கு கூடிவிடும். அதை எதிர்த்து உடலை நேராக வைக்க எம்ஐ-26-இன் வாலில் மட்டும் 7.6 மீட்டர் விட்டத்தில் ஒரு விசிறி இருக்கிறது. ஆர்-22-இன் மேல் ரோட்டார் ஏறக்குறைய அதே அளவுதான்!

அடுத்தது தாமதம். நெல்லையப்பர் கோயில் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். திருப்பத்தில் தேர் வந்த பிறகு முட்டுக்கட்டை போட்டால் காரியம் கெட்டது, முன்கூட்டியே போட வேண்டும். 50 டன் எந்திரமும் அப்படித்தான். விமானி பிடியை அசைத்துச் சற்று நேரம் கழித்தே உடல் நகரும். நகரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் அசைத்தால், இரண்டும் சேர்ந்து தேவைக்கு மேல் நகர்ந்துவிடும். அதைத் திருத்த எதிர்ப்பக்கம் இழுத்தால் ஊசலாட்டம் தொடங்கும். திறமை குறைந்தவருக்கு மட்டும் வரும் வியாதியல்ல இது.

சோவியத் நாட்டின் வி-12 ஹெலிகாப்டரின் கதை இதற்கு நல்ல சாட்சி. இருபுறமும் 35 மீட்டர் ரோட்டார் ஒவ்வொன்று, மொத்த எடை 100 டன்னுக்கு மேல். உலகில் இதுவரை பறந்ததிலேயே பெரிய ஹெலிகாப்டர் அதுதான். 1967 ஜூன் 27-இல் முதல்முறை எழுப்பியபோது எந்திரம் ஆடத் தொடங்கியது. ஒரு பக்கச் சக்கரம் தரையில் மோதி டயர் வெடித்தது. காரணம் வினோதமானது. விமானி பிடியைச் சாய்த்தபோது ஏற்பட்ட அதிர்வு விமானி அறையின் தரை வழியாக அவருடைய பிடிக்கே திரும்பி வந்தது. அந்த அசைவு மறுபடி கட்டளையாகப் போய் அதிர்வைப் பெருக்கியது. எந்திரம் தனக்குத்தானே கட்டளை இட்டுக்கொண்டது! குறை திருத்தப்பட்டு, 1969 ஆகஸ்டில் 44 டன் சுமையை 2,255 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி வி-12 சாதனை படைத்தது. ஆனாலும் இரண்டே இரண்டு எந்திரங்களோடு அந்தத் திட்டம் முடிந்துபோனது.

மூன்று விடைகள், மூன்றும் இந்தியாவில்

முறுக்கைச் சமாளிக்க உலகம் கண்ட முக்கியமான மூன்று வழிகளையும் இந்தியப் படைகள் பயன்படுத்தியிருக்கின்றன.

1. வால் விசிறி: எம்ஐ-8, எம்ஐ-17, எம்ஐ-26 எல்லாம் இந்த வகை. எம்ஐ-26 1986 முதல் இந்திய விமானப்படையின் சண்டிகர் பிரிவில் சேர்ந்தது. அந்தப் பிரிவின் செல்லப்பெயர் 'இறகு எடை'. கிண்டலைப் பாருங்கள்! இந்த வகையின் பலவீனம், வால் விசிறிக்கும் எஞ்சின் சக்தியில் பங்கு கொடுக்க வேண்டும் என்பது. பக்கக்காற்று அடித்தாலும் வாலின் பிடி தளரலாம்.

2. முன்னும் பின்னும் இரண்டு ரோட்டார்: சினூக். இரண்டும் எதிரெதிராகச் சுற்றுவதால் முறுக்கு தானே சமன் ஆகிறது. எல்லாச் சக்தியும் தூக்குவதற்கே. பக்கக்காற்றுக்கும் அவ்வளவாக அஞ்ச வேண்டாம். ஆனால் இந்த அமைப்பு இயல்பாகவே நிலையற்றது, தானியங்கிக் கட்டுப்பாட்டின் துணை வேண்டும். 2019 மார்ச் 25-இல் சண்டிகரில் சினூக் சேர்க்கப்பட்டது.

3. ஒரே அச்சில் மேலும் கீழுமாக இரண்டு ரோட்டார்: கடற்படையின் காமோவ் ஹெலிகாப்டர்கள். நீண்ட வால் தேவையில்லை என்பதால் கப்பலின் சிறிய தளத்துக்கு ஏற்றது. தலைப்பகுதியின் எந்திர அமைப்பு மட்டும் மிகச் சிக்கலானது.

தன் காற்றிலேயே மூழ்குவது

முறுக்குக்கு விடை கிடைத்தது. காற்றுக்கு? எம்ஐ-26 முழு எடையோடு நிற்கும்போது அது கீழே தள்ளும் காற்றின் வேகம், கணக்குப்படி மணிக்கு 110 கி.மீ.க்கு மேல். ஒரு புயலைத் தானே உண்டாக்கி அதன் நடுவில் நிற்பதற்குச் சமம்.

மெதுவான வேகத்தில் செங்குத்தாக வேகமாக இறங்கினால், தள்ளிய காற்றே மேலே சுற்றி வந்து மறுபடி ரோட்டாருக்குள் நுழையும். இதற்குச் 'சுழல் வளைய நிலை' என்று பெயர். இதில் மாட்டினால் எஞ்சின் சக்தியைக் கூட்டுவது பயன் தராது, பல நேரம் நிலைமையை மோசமாக்கும். பிடியை முன்னே தள்ளி வேகமெடுத்து வெளியே ஓடுவதுதான் வழி. அதற்கு உயரம் மிச்சம் இருக்க வேண்டும். (இன்னும் வேகமாக விழுந்தால் கீழிருந்து வரும் காற்றே ரோட்டாரைச் சுற்றத் தொடங்கும். அந்த நிலைக்கு ஆங்கிலப் பாடநூல்கள் வைத்த பெயரே 'காற்றாலை' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது! எஞ்சின் நின்றுபோன ஹெலிகாப்டர் உயிரோடு இறங்குவது இதை ஒட்டிய நிலையில்தான்.)

2000 ஏப்ரல் 8-இல் அமெரிக்காவின் அரிசோனாவில், ரோட்டார்களைச் சாய்த்துப் பறக்கும் வி-22 எந்திரம் வேகம் குறைத்து விரைவாக இறங்கியபோது ஒரு பக்க ரோட்டார் இந்த நிலையில் சிக்கியது. எந்திரம் கவிழ்ந்து 19 வீரர்கள் இறந்தார்கள். 2011 மே மாதம் அபோட்டாபாத்தில் பின்லேடன் வீட்டு வளாகத்தில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்ததற்கும் இத்தகைய காற்றுச் சிக்கலே காரணமாகச் சொல்லப்பட்டது. ஒத்திகை நடந்த இடத்தில் கம்பிவலை வேலி இருந்ததாம், உண்மையான வளாகத்தில் இருந்ததோ உயரமான மதில். காற்று வெளியேற வழியில்லை.

தள்ளிய காற்று புழுதியைக் கிளப்பினால் கண்ணும் போய்விடும். 1980 ஏப்ரலில் ஈரான் பாலைவனத்தில், பணயக் கைதிகளை மீட்கப்போன பெரிய ஆர்எச்-53 ஹெலிகாப்டர் ஒன்று புழுதிக்குள் தாழ்வாக நகர்ந்தபோது பக்கத்தில் நின்ற விமானத்தில் மோதியது. எட்டுப் பேர் பலி.

கேதார்நாத் சொல்லும் பாடம்

இந்தியாவில் இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒன்றுகூடும் இடம் கேதார்நாத். உயரம் சுமார் 3,500 மீட்டர். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 விழுக்காடுதான். ரோட்டாருக்குப் பிடிக்கக் காற்று குறைவு, எஞ்சினுக்குச் சுவாசிக்கவும் குறைவு. சுற்றிலும் மலை, குறுகிய பள்ளத்தாக்கு.

2013 ஜூன் வெள்ளத்தின்போது மீட்புப் பணியிலிருந்த எம்ஐ-17வி5 ஒன்று கௌரிகுண்ட் அருகே விழுந்து 20 பேர் இறந்தார்கள். 2018 ஏப்ரலில் இன்னொரு எம்ஐ-17வி5 கேதார்நாத்தில் இறங்கும்போது விபத்துக்குள்ளானது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அதன் சிதைவை 2020 அக்டோபரில் ஒரு சினூக் தொங்கவிட்டுத் தூக்கிச் சென்றது.

2024-இல் நடந்ததுதான் இன்னும் கவனிக்க வேண்டியது. மே 24-இல் பக்தர்களை ஏற்றிவந்த ஒரு தனியார் ஹெலிகாப்டர், ஹெலிபேடை நெருங்கி வேகம் குறைந்த நேரத்தில் பம்பரம் போலச் சுழன்று சரிவில் இறங்கியது. காணொளியைப் பார்த்தவர்களுக்கு உள்ளே இருந்தவர்கள் பிழைத்ததே அதிசயமாகப் பட்டிருக்கும். எல்லோரும் பிழைத்தார்கள். பழுதான அந்த ஹெலிகாப்டரை ஆகஸ்ட் 31-இல் விமானப்படையின் எம்ஐ-17 ஒன்று கயிற்றில் தொங்கவிட்டுக் கௌச்சருக்குக் கிளம்பியது. சற்றுத் தூரத்திலேயே எடையும் காற்றும் சேர்ந்து எந்திரத்தின் சமநிலையைக் குலைத்தன. ஆளில்லாத இடம் பார்த்துச் சுமையைக் கழற்றிவிட்டார்கள். அது பள்ளத்தாக்கில் விழுந்து நொறுங்கியது.

தொங்கும் சுமை ஒரு ஊசல். 15 மீட்டர் கயிற்றில் தொங்கினால் ஒருமுறை போய்வர சுமார் 8 நொடி ஆகும். விமானி ஆட்டத்தைக் கண்டு திருத்துவதற்குள் சுமை எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். அவருடைய திருத்தமே ஆட்டத்தை வளர்க்கலாம். சிறிய சுமையென்றால் பொறுத்துப் பார்க்கலாம். தூக்கும் எந்திரத்தின் எடையோடு ஒப்பிடும் அளவுக்குச் சுமை கனமானால் சுமைதான் எந்திரத்தை ஓட்டும். அன்று போனது ஒரு பழைய எந்திரம், மிஞ்சியது ஒரு குழுவின் உயிர். சிலர் இதைக் கேலி செய்தார்கள். உண்மையில் அது சரியான முடிவு.

(ஹெலிகாப்டர் விபத்து என்றாலே தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 8-இல் குன்னூர் அருகே நடந்ததுதான் நினைவுக்கு வரும். ஆனால் அது வேறு வகை. எதிர்பாராமல் மேகத்துக்குள் நுழைந்து விமானி திசையுணர்வு இழந்ததைத்தான் விசாரணை காரணமாகச் சொன்னது.)

கணினி கைகொடுக்குமா?

கொடுக்கிறது. 1970-களிலேயே இந்தியக் கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர், நீர்மூழ்கியைத் தேடும் கருவியைக் கடலுக்குள் இறக்கிவிட்டு இரவிலும் ரேடார் உதவியோடு தானாகவே நிற்கக் கற்றிருந்தது. இருட்டில், அடையாளம் ஏதுமில்லாத கடலுக்கு மேலே, மனிதக் கண்ணை நம்பி நிற்பது அவ்வளவு ஆபத்து. நம் நாட்டுத் தயாரிப்பான துருவ் ஹெலிகாப்டரிலும் தானாக நிற்கும் வசதி உண்டு.

ஆனால் கணினியின் கட்டளை கடைசியில் உலோகத் தண்டுகள் வழியாகத்தான் இறக்கையைச் சேர வேண்டும். 2023 மார்ச் 26-இல் கொச்சியில் கடலோரக் காவல்படையின் துருவ் ஒன்று சோதனைக்காகக் கிளம்பி 30-40 அடி உயரத்தில் இருந்தபோது வலக்கைப் பிடி வேலை செய்யவில்லை. விமானி மிச்சமிருந்த கட்டுப்பாட்டைக் கொண்டே ஓடுபாதையை விட்டு விலகி, முடிந்தவரை மெதுவாக விழச் செய்தார். மூவரும் பிழைத்தார்கள். 2025 ஜனவரி 5-இல் போர்பந்தரில் அந்த அதிர்ஷ்டம் இல்லை, மூவர் இறந்தார்கள். விமானியின் கட்டளையை இறக்கைகளுக்குக் கொண்டுசெல்லும் சாய்தட்டில் முறிவு இருந்தது கண்டறியப்பட்டது. நாடு முழுவதும் துருவ் ஹெலிகாப்டர்கள் சில மாதங்கள் தரையில் நிறுத்தப்பட்டன.

யாருக்காக இவ்வளவும்?

2023 டிசம்பர் 17, 18-இல் தென்மாவட்டங்களில் பெய்த பேய்மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல்! தாமிரபரணி கரை உடைத்துப் பாய, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கான பயணிகள் நாலாபுறமும் தண்ணீரோடு மாட்டிக்கொண்டார்கள். சாலையும் இல்லை, தண்டவாளமும் இல்லை. அவர்களுக்கு உணவு வந்தது வானத்திலிருந்து. விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர்கள் வெள்ளப்பகுதிகளில் பொட்டலங்களைப் போட்டன, நடக்க முடியாதவர்களைத் தூக்கிச் சென்றன.

கீழே நிற்பவர்களுக்கு அது தலைக்கு மேல் நிற்கும் சத்தமான எந்திரம், அவ்வளவுதான். மேலே விமானியின் இரண்டு கையும் இரண்டு காலும் ஒரு நொடிகூட ஓயாமல் சிறுசிறு திருத்தங்கள் செய்துகொண்டிருக்கும். மின்கம்பி எங்கே, தென்னை எங்கே என்று கதவோரம் குனிந்து ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். இன்னும் எத்தனை பேரை ஏற்றலாம் என்ற கணக்கு ஒரு பக்கம் ஓடும். அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே சேரும் புதிய விமானிகளும் சிறிய எந்திரத்தில் ஓரிடத்தில் நிற்கக் கற்ற பிறகுதான் மற்ற வித்தைகளுக்குப் போக முடியும்.

விஎஸ்-300 முதல் சினூக் வரை எஞ்சின் வளர்ந்தது, ரோட்டார் வளர்ந்தது, கணினியும் வந்தது. மாறாதது ஒன்றுதான். மெதுவான பறத்தலில் உயிரைக் காப்பது கையிருப்பு: எஞ்சினில் கொஞ்சம் சக்தி, காலடியில் கொஞ்சம் உயரம், வால் விசிறியில் கொஞ்சம் பிடி, யோசிக்கக் கொஞ்சம் நேரம். மேலே பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை இவற்றில் ஏதோ ஒன்று தீர்ந்த இடத்தில் நடந்தவை. எந்திரம் எவ்வளவு பெரியதானாலும், 'போதும், இதற்குமேல் ஏற்ற வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்த விமானியே அதன் மிகப் பெரிய பாதுகாப்பு.